ஓடி ஒளிந்த ஆயர்

செப்டம்பர் 16 புனித சிப்ரியான் திருநாள். அன்றைக்கு மறையுரையில் நான் கேட்டதெல்லாம் ஒரே கதைதான். கார்த்தேஜ் நகர ஆயர், அதாவது பிஷப், உரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்தார், தலையை வெட்டினார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு எட்டு வருடம் முன்னால் இதே மனுஷன் ஓடி ஒளிந்தாரே, அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்த ஓட்டத்தால்தான்.

கார்த்தேஜ் இன்றைய துனிசியாவில் இருக்கிறது. சிப்ரியான் அங்கே வசதியான வீட்டுப் பிள்ளை, பேச்சுக்கலை ஆசிரியர். நடுவயதில் ஞானஸ்நானம் வாங்கி, இரண்டு மூன்று வருடத்திலேயே ஆயர் ஆகிவிட்டார். மூத்த குருக்கள் சிலருக்கு வயிறு எரிந்ததில் ஆச்சரியமில்லை.

250இல் உரோமைப் பேரரசர் டேசியஸின் ஆணை வந்தது. எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், அதிகாரிகள் முன்னால் செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேல் எகிப்து மணலில் கிடைத்திருக்கின்றன. ஒன்று அவுரேலியுஸ் டயோஜெனிஸ் என்பவருடையது. வயது 72, வலது புருவத்தில் தழும்பு. பலியிட்டேன், பலிப்பொருளைச் சுவைத்தேன், சான்றளியுங்கள் என்று மனு. நம் சான்றிதழ்களில் வரும் அங்க அடையாளமேதான்! அவர் கிறிஸ்தவரா இல்லையா என்பது அதில் இல்லை. காகிதம் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

கார்த்தேஜில் கூட்டம் முண்டியடித்தது. பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும் கெஞ்சி நின்றார்கள் என்று சிப்ரியானே வேதனையோடு எழுதுகிறார். பலியே இடாமல் காசு கொடுத்துக் காகிதம் மட்டும் வாங்கியவர்களும் உண்டு. ஆயரோ தலைமறைவு. உரோமையில் திருத்தந்தை ஃபேபியன் அந்த ஜனவரியிலேயே உயிரைக் கொடுத்துவிட்டார். அங்கிருந்த குருக்கள், ஓநாயைக் கண்டால் ஓடும் கூலி மேய்ப்பனைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார்கள், யாரைக் குத்துகிறார்கள் என்று புரியும்படி. சிப்ரியான் என்ன செய்தார் தெரியுமா? எழுத்தும் விஷயமும் தாளும் சந்தேகமாக இருக்கின்றன, உங்கள் கடிதம்தானா என்று பாருங்கள் என்று அதையே திருப்பி அனுப்பிவிட்டார். படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

கோழையா? நான் அப்படி நினைக்கவில்லை. தான் ஊரில் இருந்தால் கலவரம் பெரிதாகி மற்றவர்கள் மாட்டுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். மறைவிடத்திலிருந்து கடிதம் கடிதமாக எழுதினார், ஏழைகளுக்குப் பணம் அனுப்பினார். 251இல் திரும்பி வந்தபோது, விழுந்தவர்களை, அதாவது பயந்து பலியிட்டோ காகிதம் வாங்கியோ தப்பித்தவர்களை, என்ன செய்வது என்ற சண்டை காத்திருந்தது. ஒரு கோஷ்டி, சிறையில் வதைபட்டவர்கள் கொடுத்த மன்னிப்புச் சீட்டே போதும் என்றது. உரோமையில் நொவேஷியன் என்ற குருவின் கோஷ்டி, விழுந்தவனுக்குத் திருச்சபையில் இனி இடமே கிடையாது என்றது. ஆயர்கள் கூடி நடுவழி எடுத்தார்கள். காகிதம் மட்டும் வாங்கியவரை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்ப்பது, பலியிட்டவர் தவம் செய்தால் சாகும் தறுவாயில் நற்கருணை அப்பம் தருவது. பிறகு அடுத்த கலாபனை, அதாவது கிறிஸ்தவர்களைத் துன்புறுத்துவது, வரும்போல் தெரிந்ததும், தவத்தில் இருந்த எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். தானே ஓடியவர் அடுத்தவன் பயத்தை எடைபோட உட்கார்ந்தாரே, அந்த இடம்தான் எனக்கு முக்கியம். அவர் கடுமையானவர்தான், சில கடிதங்களைப் படித்தால் கோபமே வரும். ஆனாலும் கதவைச் சாத்தவில்லை.

257இல் பேரரசர் வலேரியன் காலத்தில் சிப்ரியானைக் குருபிஸ் என்ற ஊருக்கு நாடு கடத்தினார்கள். மறு வருடம் ஊர் திரும்பியிருந்தபோது, யுட்டிகா என்ற ஊருக்குக் கொண்டுபோய்க் கொல்லப் போகிறார்கள் என்று தெரிந்தது. மறுபடியும் ஒளிந்தார்! இந்த முறை காரணம் வேறு. ஆயர் தன் மக்கள் முன்னால்தான் சாக வேண்டுமாம். ஆளுநர் கார்த்தேஜ் பக்கம் வந்ததும் தன் தோட்டத்துக்குத் திரும்பி, பிடிபட்டார்.

258 செப்டம்பர் 14. தீர்ப்பைக் கேட்டு, "கடவுளுக்கு நன்றி" என்றார். மேலங்கியைக் கழற்றி மண்டியிட்டு ஜெபித்தார். வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார். மக்கள் அவர் முன்னால் துணிகளையும் கைக்குட்டைகளையும் வீசினார்கள். கண்ணைத் தானே கட்டிக்கொண்டார், ஆனால் முடிச்சு போட வரவில்லை. ஜூலியன் என்ற குருவும், அதே பெயர்கொண்ட துணைத் திருத்தொண்டர் ஒருவரும் வந்து அதைக் கட்டிவிட்டார்கள்.