தூத்தூர் கரைக்கு ஒரு வெண்கலச் சிலை வேண்டும்

எனக்கு வீடு கன்னியாகுமரி மாவட்டத்து தூத்தூர் கரையில் இருக்கும் நீரோடியில், வேலை திருவனந்தபுரத்தில். களியக்காவிளையில் பஸ் ஏறி, பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டித் தம்பானூர். அங்கிருந்து இன்னொரு பஸ். "ஸ்டேச்சு, ஸ்டேச்சு" என்று கண்டக்டர் கூவும் இடத்தில் இறங்குவேன். தலைமைச் செயலகம் பக்கம் நிற்கிற திவான் மாதவராவ் சிலையால் அந்த ஜங்ஷனுக்கு அந்தப் பெயர். சிலை என்றால் திவான், ராஜா, தலைவர் என்றுதான் என் மனசிலும் பதிந்து கிடந்தது. அதை மாற்றியவர் என் அப்பா.

இரண்டு வருடம் முன்பு கண் ஆப்பரேஷனுக்காக அவரைச் சென்னைக்குக் கூட்டிப் போனேன். கட்டு அவிழ்த்த பிறகு மெரினா பார்க்கணும் என்றார். முப்பது வருடத்துக்கு மேல் ஆழ்கடலில் சுறா பிடித்தவருக்கு மெரினாவில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவர் கடல் பக்கம் திரும்பவே இல்லை. உழைப்பாளர் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பாறையை நெம்பி நகர்த்தப் பார்க்கிற நாலு ஆட்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டி, "கல்லு இன்னும் அனங்கல்ல, பாத்தியா மக்களே" என்றார்.

அன்றைக்கு ராத்திரி லாட்ஜில் அந்தச் சிலையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, வங்காளத்துக்காரர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் படித்தவர். 1929இல் சென்னைக் கலைப் பள்ளிப் பொறுப்புக்கு வந்து முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இங்கேயே இருந்திருக்கிறார். மல்யுத்தம் பழகியவர், வேட்டைக்குப் போனவர். பாரம் ஏறும்போது முதுகு எப்படி வளையும், ஆபத்து முன்னால் நிற்கும்போது கழுத்து எப்படி இறுகும் என்று தன் உடம்பிலேயே தெரிந்துகொண்ட மனிதர். சிலை 1959 ஜனவரி 25இல் வைக்கப்பட்டது. உழைப்பின் வெற்றி என்று பொருள்படும் பெயர்தான் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் அவர் வெற்றியைச் செய்யவில்லை. கல் அசைவதற்கு முந்தின நொடியைச் செய்திருக்கிறார். அதைப் பள்ளிக்கூடம் முடிக்காத என் அப்பா ஒரே பார்வையில் பிடித்தார், நான் படித்துத்தான் புரிந்துகொண்டேன். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் அதே கடற்கரையில் கொண்டாடிய சிங்காரவேலரும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைதான் என்று மறுநாள் சொன்னபோது அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்போதிருந்து எனக்கு ஒரே ஆசை. எங்கள் கரைக்கு அப்படி ஒரு வெண்கலம் வேண்டும்.

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. இந்த ஊர்க்காரர்கள் கொச்சியிலிருந்து போட்டை, அதாவது படகை, எடுத்து லட்சத்தீவு தாண்டிப் போய் ஒரு மாதம், அதற்கு மேலும் கடலில் கிடப்பார்கள். ஒரு போட்டில் பத்துப் பன்னிரண்டு பேர். தூண்டில் கயிறை இழுக்கும்போது துணி சுற்றியிருந்தாலும் நைலான் உள்ளங்கையை அறுக்கும். அப்பாவின் வலது மோதிர விரல் இன்றைக்கும் நிமிராது. சுறாவைப் போட்டுக்குள் தூக்கிப் போட்டபின்தான் பெரிய ஆபத்து என்பார். வால் அடித்தால் கால் எலும்பு போகும். "செத்துட்டுண்ணு நெனச்சு சுறாவுக்க வாய்ப்பக்கம் போவாத" என்று புதுப் பையன்களிடம் எத்தனை முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மெரினா மணலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "நாங்க இப்பிடியாக்கும் நிப்போம்" என்று நின்று காட்டினார். ஒரு முழங்கால் போட்டின் விளிம்பில் முட்டுக்கொடுத்திருக்கிறது. இன்னொரு காலின் விரல்கள் ஈரப் பலகையைக் கவ்வியிருக்கின்றன. இடுப்பு பின்னால் போகிறது, கண் மட்டும் தண்ணீரில். கயிறே இல்லாமல் அவர் புஜம் நடுங்கியது. எனக்கு வேண்டிய சிலை அதுதான். கையை உயர்த்தி எதையோ சுட்டிக்காட்டும் மனிதர் வேண்டாம், மீனைத் தோளில் போட்டுச் சிரிக்கும் மீனவனும் வேண்டாம்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் நின்ற போட்டுகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. போனவர்கள் பலருடைய உடல்கூடத் திரும்பவில்லை. எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கிறது. அடுத்த வருடம் ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது மீனவர்கள்தான் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். பெண்கள் படகில் ஏறுவதற்குத் தன் முதுகையே படியாக்கித் தண்ணீரில் குனிந்து கிடந்த மலப்புறத்து மீனவரை எல்லாரும் பார்த்தோம். ராய் சௌத்ரி உயிரோடு இருந்திருந்தால் அந்த முதுகை விட்டிருக்க மாட்டார் என்று நான் நம்புகிறேன்.

பெயர் பொறித்த நினைவுத்தூண் இருக்கட்டும், அது அந்தந்த வீட்டுக்கு வேண்டும். ஆனால் இந்தத் தொழில் மனித உடம்பை என்ன செய்கிறது என்று கல்வெட்டு சொல்லாது. சிமெண்ட் சிலையும் வேண்டாம். உப்புக்காற்றில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து வெடித்துவிடும், எங்கள் வீட்டு மாடிச் சுவரே சாட்சி. வெண்கலம் பச்சை பூத்தாலும் நிற்கும்.

வார்ப்பவர்களின் வேலையும் லேசு இல்லை. சுவாமிமலையில் ஒருமுறை பார்த்தேன். தேன்மெழுகில் குங்கிலியம் சேர்த்து உருவம் செய்து, காவிரி வண்டல் பூசி, காயவைத்து, சூடுகாட்டி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சில் துளி ஈரம் தங்கினாலும் கொதிக்கிற உலோகம் வெடித்து மேலே தெறிக்கும். ஊற்றும்போது யாரும் பேசவில்லை. சுறா மேலே வரும்போது போட்டிலும் யாரும் பேச மாட்டார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

சிற்பிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். போட்டோவைப் பார்த்துச் செய்யாதீர்கள், ஊருக்கு வாருங்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் தடைக்காலம், ஆட்கள் ஊரில்தான் இருப்பார்கள். பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கலாம். நின்று காட்ட அப்பா தயார். களிமண் கொண்டுவந்தால் போதும்.