மெத்தைக்குப் பணமில்லை, அறுவைச் சிகிச்சைக்கு உண்டு

"உங்களுக்குத்தான் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, அப்புறம் மருத்துவச் செலவுக்கு என்ன கவலை?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலோர் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். அட்டை இருப்பதும் உண்மைதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அதனால் உயிர் பிழைத்தவர்களை எனக்குத் தெரியும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த அட்டைக்கு உயிர் வர வேண்டுமென்றால் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்க வேண்டும். எனக்குச் செலவாவதோ வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது.

நான் முதுகுத் தண்டுவடம் அடிபட்டவன். இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. இதைச் சொன்னதும் எல்லோரும் என் காலைப் பார்க்கிறார்கள். காலைப் பற்றிக் கவலைப்படுவதை எங்களில் பலர் என்றைக்கோ விட்டுவிட்டோம். எங்களை ஆட்டிப்படைப்பவை சிறுநீரும் படுக்கைப்புண்ணும்.

சிறுநீர்ப்பை நிரம்பினால் எங்களுக்குத் தெரியாது. தானாக முழுவதும் காலியாகவும் செய்யாது. நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை மெல்லிய குழாயைச் செலுத்தி வடித்தாக வேண்டும். சோம்பல்பட்டு விட்டுவிட்டால் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டிய அந்தக் குழாய் ஒன்று 30 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஐந்து என்றால் 150 ரூபாய், மாதத்துக்கு 4,500. கையுறை, ஜெல்லி, டயாப்பர், அடிக்கடி வரும் கிருமித் தொற்றுக்கான மாத்திரை எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். வருவாய்த் துறை வழியாக ஓய்வூதியம் பெறும் மாற்றுத்திறனாளிகளுக்கு 2023 ஜனவரியிலிருந்து 1,500. ஒன்றிய அரசின் இந்திரா காந்தி பெயரிலான ஓய்வூதியத் திட்டத்தில், 80 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பும் வறுமைக்கோட்டுக்குக் கீழான வாழ்க்கையும் உள்ள ஒருவருக்கு ஒன்றிய அரசு கொடுக்கும் பங்கு மாதம் 300 ரூபாய். அதாவது பத்துக் குழாய், இரண்டு நாள்.

மீதி நாள்களுக்கு என்ன செய்கிறோம்? கழுவிக் கழுவிப் பயன்படுத்துகிறோம். சோப்பு நீரில் அலசி, உள்ளே தண்ணீர் பாய்ச்சி, உதறி, துணியில் காயவைத்து, மூடிபோட்ட டப்பாவில் வைப்பேன். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அந்த டப்பா கட்டிலுக்கு அடியில் போய்விடும். சில வாரங்களில் குழாய் விறைத்துப் போகும், நுனி சொரசொரப்பாகும், அதைத் தூக்கிப் போட மனம் வராது. மருந்துக் கடையில் டயாப்பரைப் பாக்கெட்டாகக் கேட்காமல் "இரண்டு மட்டும் கொடுங்கள்" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் ஆட்கள்தான்.

படுக்கைப்புண் கதை இதைவிட வேடிக்கை. உணர்வில்லாத இடத்தில் எலும்பு அழுத்திக்கொண்டே இருந்தால் தோல் செத்துப்போகும். உட்கார்ந்திருப்பவர் அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும், படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், நல்ல காற்று மெத்தை வேண்டும். தானும் தண்டுவடம் அடிபட்டு சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ் முன்னின்று 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவானது. அந்தக் காலத்திலிருந்தே நம் மருத்துவர்களுக்கு இந்தப் பாடம் அத்துப்படி. ஆனால் பல்லாயிரம் ரூபாய் மெத்தையை யார் வாங்கித் தருவது? ஸ்கூட்டர் டியூபில் பாதிக் காற்று அடித்து, பழைய வேட்டியைச் சுற்றி, அதன்மேல் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு புண் வருகிறது. எலும்பு தெரியும் அளவுக்குக் குழி விழுகிறது. அப்போது பாருங்கள், காப்பீடு விழித்துக்கொள்கிறது! படுக்கைப்புண்ணுக்கான அறுவைச் சிகிச்சை காப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறது. வேறிடத்துச் சதையைத் திருப்பி வைத்துத் தைத்து, வாரக்கணக்கில் குப்புறப் படுக்கவைத்து அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்து மறுபடியும் அதே ஸ்கூட்டர் டியூபில் உட்கார வேண்டும்.

இதை எந்தக் கணக்காளர் போட்டார் என்று எனக்குத் தெரிய வேண்டும். மெத்தை கொடுப்பது இரக்கமாம், அறுவைச் சிகிச்சை செய்வது திட்டமாம்.

வருமான வரம்பு என்று இன்னொன்று. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. மாதம் 11,000 சம்பாதிக்கும் குடும்பம் தாண்டிவிடுகிறது. அதில் நாலாயிரத்து ஐந்நூறு குழாய்க்கே போய்விட்டால் அந்த வீடு உண்மையில் 6,500 ரூபாயில்தான் வாழ்கிறது. வருமானச் சான்றில் இதை எழுத இடமில்லை. கிராம நிர்வாக அலுவலரைக் கோபித்துப் பயனில்லை, படிவமே அப்படி. என்னைக் கவனித்துக்கொள்ள என் மனைவி வேலையை விட்டார். அந்தச் சம்பளம் போனது எந்தப் படிவத்திலும் நஷ்டமாகப் பதிவாகவில்லை.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இதைப் பல காலமாகச் சொல்லிவருகிறார். ஊனம் ஒருவரின் சம்பாதிக்கும் திறனைக் குறைக்கிறது. சம்பாதித்த பணத்தை வாழ்க்கையாக மாற்றிக்கொள்ளும் திறனையும் குறைக்கிறது. இரண்டாவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த வீப்கே கூக்லிஸ், பிரிட்டனில் இதை அளந்து பார்த்தார். மொத்த மக்களில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 17.9 விழுக்காடு. மாற்றுத்திறனாளி உள்ள குடும்பங்களை மட்டும் பார்த்தால் 23.1. ஊனத்தால் ஆகும் கூடுதல் செலவையும் சேர்த்துப் பார்த்தால் 47.4. இலவச மருத்துவம் உள்ள பிரிட்டனிலேயே இந்த நிலை.

நம் வருமான வரிச் சட்டமோ இதை ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. பழைய வரிமுறையில் மாற்றுத்திறனாளிக்கு 75,000 ரூபாயும், கடும் பாதிப்பென்றால் 1,25,000 ரூபாயும் வரிக்கான வருமானத்திலிருந்து கழிவு உண்டு. ஊனத்துக்குக் கூடுதல் செலவு ஆகும் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்கு மட்டும் அது ஆகும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

தனியார் காப்பீடு வாங்கலாமே என்பீர்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் என்பதால் பாலிசி மறுக்கப்பட்ட ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2023 பிப்ரவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கான பாலிசி தர வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால் பிரீமியம் கட்டவும் கையில் காசு வேண்டும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது. வருமான வரம்புக்கு உட்பட்டு, வீட்டுக்கு அருகிலேயே இலவச மருத்துவம் என்கிறது 25ஆவது பிரிவு. உதவி உபகரணங்களும் மருந்தும் இலவசமாகத் தருவதற்கான திட்டங்களைப் பற்றி 24ஆவது பிரிவு பேசுகிறது. புதிய சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான திரவப் பைகள்கூட அந்தத் திட்டத்தில் உண்டு. அதாவது வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் குழாய், கையுறை, டயாப்பர் என்று ஒரு பட்டியலை அதில் சேர்க்கலாம். மெத்தையைக் காப்பீட்டிலேயே சேர்க்கலாம். வருமானச் சான்றில் ஊனத்தின் செலவைக் கழித்துக்கொள்ள ஒரு வரி சேர்க்கலாம். சட்டமன்ற மானியக் கோரிக்கையின்போது இந்த மூன்றைக் கேட்க ஓர் உறுப்பினர் கிடைத்தால் போதும். கட்சி எதுவானாலும் சரி.

அதுவரைக்கும், டிசம்பர் 3 அன்று மேடை போட்டு சக்கர நாற்காலி கொடுத்துப் படமெடுத்துக்கொள்ளும் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். இடுப்பின் அகலத்தை அளக்காமல் கொடுக்கும் நாற்காலியே புண்ணை உண்டாக்கும். கொடுப்பதற்கு முன் ஆளைக் கேளுங்கள். பலர் "நாற்காலி இருக்கட்டும், ஆறு மாதத்துக்குக் குழாய் வாங்கிக் கொடுங்கள்" என்பார்கள். குழாயின் அளவு எண் ஆளுக்கு ஆள் மாறும். 12 சிலருக்கு, 14 சிலருக்கு. அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.