மரத்து வௌவால்களை விரட்ட வேண்டாம்

“மரங்களில் தொங்கும் வௌவால்களின் எச்சத்தால் கொரோனா பரவுகிறது, புகைபோட்டு விரட்டுங்கள், மரத்தைத் தறியுங்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் திருகோணமலையில் சுற்றிவருகிறது. இது தவறு.

பலவகைக் கொரோனா வைரஸ்களுக்கு வௌவால்கள் இயற்கை உறைவிடம் என்பது உண்மைதான். கோவிட்-19 வைரஸுடன் மரபணு வரிசையில் சுமார் 96 சதவீதம் ஒத்த வைரஸ் ஒன்று சீனாவின் யுன்னான் மாகாணத்து லாட வௌவாலில் கண்டறியப்பட்டது. ஆனால் எஞ்சிய 4 சதவீதம் சிறிய இடைவெளி அல்ல. பல பத்தாண்டுகளில் உண்டாகும் மாற்றம் அது. அந்த வைரஸும் கோவிட் வைரஸும் ஒன்றல்ல. உலகெங்கும் கோவிட் பரவியது மனிதரின் மூச்சு, இருமல், தும்மல் வழியாகவே.

நம் ஊர் மரங்களில் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்குபவை பழந்தின்னி வௌவால்கள். லாட வௌவால்களோ பூச்சி தின்னும் வேறு குடும்பம். பழந்தின்னிகள் பழத்தை மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையை உருண்டையாகத் துப்பும். காலையில் மரத்தடியில் அதைக் காணலாம். இலுப்பை விதைகளைத் தொலைவுக்குக் கொண்டுசென்று பரப்புபவையும் இவையே. இவற்றைக் கொல்வது பெரும் அநியாயம்.

ஆனாலும் வேறு நோய்கள் தொற்றக்கூடும் என்பதால், வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தால் அல்லது கீறினால் 15 நிமிடம் சவர்க்காரமிட்டுக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

சந்தேகமிருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இணையத்தளத்திலும் பார்க்கலாம். தயவுசெய்து அந்தத் தகவலை இனி எவருக்கும் அனுப்பாதீர்கள்.