செவுள் சிவப்பாகத் தெரிகிற வெளிச்சம்

போன மாசம் ஒருநாள் விடிகாலை மூன்றரை மணிக்கு ஒரு மீன் ஏலக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். ராமநாதபுரம் கரையில், மண்டபம் ஊருக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். புதுக் கூடம். தகரக் கூரை, வழவழப்பான தரை, மேலே வரிசையாகப் பன்னிரண்டு எல்இடி ஃபோகஸ் லைட். ஒரு கிலோமீட்டருக்கு முன்பே சாலையிலிருந்து தெரிகிற அளவுக்கு வெளிச்சம்.

கூடைக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்த ஒரு அக்கா விளைமீன் ஒன்றை எடுத்து, செவுளை விரலால் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் மீனோடு எழுந்து கூடத்தை விட்டு வெளியே போனார். எதிரே டீக்கடையில் ஒரு குண்டு பல்பு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "பழசு, வேணாம்" என்று கூடையைத் தள்ளிவிட்டார்.

"ஏன்க்கா, உள்ளேயே இவ்வளவு வெளிச்சம் இருக்கே?"

"வெளிச்சம் இருக்கு தம்பி. ஆனா செவுளு பூரா ஒரே கலராத்தானே தெரியுது."

கட்டடங்களுக்கு விளக்கு அமைப்பதுதான் என் பிழைப்பு. கீழக்கரையில் தாய்மாமனிடம் வயரிங் கற்றுக்கொண்டு, மதுரையில் சில வருடம் ஒரு கட்டட வடிவமைப்பாளரிடம் இருந்துவிட்டு, இப்போது ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, ஓட்டல் என்று இந்தக் கரையோரம் முழுக்க வேலை செய்கிறேன். ஓரிடத்தில் விழுகிற வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் பையிலேயே இருந்தது, எடுத்து அளந்தேன். கூடைகள் இருந்த இடத்தில் 300 லக்ஸுக்கு மேல் காட்டியது. ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கு எழுத அது போதும். ஒரு மீன் புதுசா பழசா என்று பார்க்க மட்டும் போதவில்லை.

காரணம் விளக்குக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளை எல்இடி என்று நாம் வாங்குவது அடிப்படையில் நீல எல்இடிதான். நீல ஒளி தருகிற சின்னஞ்சிறு சில்லின் மேல் பாஸ்பர் என்கிற, மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசியிருப்பார்கள். நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான விளக்கில் அந்தப் பூச்சும் மலிவு, சிவப்பு மிகக் குறைவாக இருக்கும். விளக்கில் இல்லாத நிறத்தை மீன் எங்கிருந்து எடுத்துக் காட்டும்? புது மீனின் ரத்தச் சிவப்பும் முந்தாநாள் மீனின் பழுப்பும் அதில் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும்.

பெட்டியில் சி.ஆர்.ஐ. 80 என்று போட்டிருப்பார்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான எண் அது. ஆனால் எட்டு வெளிர் நிறங்களை வைத்து எடுக்கிற சராசரி. அழுத்தமான சிவப்பு அந்த எட்டில் கிடையாது, அதை ஆர்9 என்று தனியாக அளப்பார்கள். சி.ஆர்.ஐ. 80 உள்ள விளக்கிலேயே ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பது சர்வசாதாரணம். டீக்கடைக் குண்டு பல்பு கரண்ட்டைக் குடிக்கும்தான், ஆனால் அதன் சி.ஆர்.ஐ. ஏறக்குறைய 100. அந்த அக்காவுக்கு இந்த எண் எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, கண்ணே சொல்லிவிட்டது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் கூடத்துக்கு விளக்கு வாங்கியவர்கள்.

ஜவுளிக்கடையில் புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் "வெளிச்சத்துல" பார்க்கிறார்களே, அதுவும் இதே கதைதான். உள்ளே லட்சக்கணக்கில் செலவு செய்து விளக்குப் போட்டுவிட்டு, அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் காண வாடிக்கையாளரைத் தெருவுக்கு அனுப்புகிறோம்.

எங்கள் பக்கம் ஒரு பொதுக் கட்டடம் கட்டும்போது விளக்கைப் பற்றி இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். எத்தனை வாட்? தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியுமா? உள்ளே நிற்கப்போகிறவர் யார், எந்த நேரத்தில் வருவார், எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. திறப்பு விழா போட்டோவில் கட்டடம் ஜொலிக்கும். மறுநாளிலிருந்து அதில் வேலை பார்க்கிறவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடமாடுவார்கள். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. ஏனென்றால் நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

சில வருடத்துக்கு முன்னால் பாக் நீரிணைக் கரையில் ஒரு கல்யாண மண்டபம். கடல் பக்கம் புல்தரை போட்டு வரவேற்பு நடத்த இடம் விட்டிருந்தார்கள். புல்தரைக்கு வெளிச்சம் வேண்டும் என்று மண்டபத்துச் சுவரில் எட்டு ஃபோகஸ் லைட்டைக் கடலைப் பார்த்து மாட்டினேன். உரிமையாளருக்கு ரொம்பச் சந்தோஷம். ஒரு மாதம் கழித்து என் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்.

"அந்த மண்டபத்து லைட்டு நீ போட்டதாமேடா? ராத்திரி கரை புடிக்க முடியல. மூஞ்சில அடிக்குது. முன்னால நங்கூரம் போட்டு நிக்கிற வள்ளமே தெரிய மாட்டேங்குது."

அன்று ராத்திரியே அவரோடு வள்ளத்தில் ஏறிப் போய்ப் பார்த்தேன். கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி இன்ஜினை நிறுத்தினார். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். பழகியபின் நட்சத்திர வெளிச்சத்திலேயே அலையின் முதுகு தெரிந்தது, வலை மிதவை தெரிந்தது. அப்புறம் கரையைப் பார்க்கத் திரும்பினேன். எட்டு வெள்ளைக் குத்தல். அவற்றைச் சுற்றி ஒன்றுமே இல்லை, மணல் இல்லை, பனைமரம் இல்லை, படகு இல்லை. என் விளக்கு கரையைக் காட்டவில்லை, மறைத்துவிட்டது. பௌர்ணமி நிலவின் வெளிச்சமே தரையில் கால் லக்ஸ்தான் வரும். அந்த அளவுக்குப் பழகிய கண்ணில் நான் அடித்தது எவ்வளவு என்று கணக்குப் போட மனசு வரவில்லை.

மறுவாரம் எட்டையும் கழற்றினேன். புல்தரை ஓரத்தில் முழங்கால் உயரக் கம்பங்கள் வைத்து, ஒளி தரையைப் பார்த்து விழும்படி, கடல் பக்கம் மூடி போட்டு மாற்றினேன். செலவு என்னுடையது. மண்டபம் முன்பைவிட மங்கலாக இருக்கிறது என்று உரிமையாளருக்கு முதலில் வருத்தம். ஒரு கல்யாணம் முடிந்தபின் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

கடலோரக் கட்டடங்களில் இப்போது நிறம் மாறுகிற விளக்கு வேறு வந்துவிட்டது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி மின்னுகிறது. கடலில் சிவப்புக்கும் பச்சைக்கும் அர்த்தம் உண்டு. படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. எதிரே வருகிற படகு எந்தப் பக்கம் போகிறது என்று ராத்திரியில் அதை வைத்துத்தான் கணிப்பார்கள். துறைமுக வாயில் இருக்கிற மிதவை விளக்குகளுக்கும் அதே இரண்டு நிறம்தான். அந்த நிறங்களைக் கரையில் அழகுக்காகச் சிமிட்டவிடக் கூடாது. இதில் எனக்குக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

ஆமைக் குஞ்சுக்கும் இதே கஷ்டம். தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது, வனத்துறை முட்டைகளை எடுத்துப் பாதுகாத்துப் பொரித்துக் கடலில் விடுகிறது. யார் கண்ணிலும் படாமல் மணலுக்குள்ளேயே பொரிகிற குஞ்சு ராத்திரியில் வெளியே வந்து, தாழ்வான வெளிச்சமான அடிவானத்தைத் தேடி ஓடும். இயற்கையில் அது கடல். ஓட்டல் வாசலில் 6500 கெல்வின், அதாவது நீலச் சாயலுள்ள வெள்ளை விளக்கு எரிந்தால் அது ஓட்டல். தீர்வு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. விளக்கைத் தாழ வை, கடல் பக்கம் மறை, அலைநீளம் 560 நானோமீட்டருக்கு மேலுள்ள ஆம்பர் (மஞ்சள் ஆரஞ்சு) நிறத்துக்கு மாறு. 2025-ல் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாகவும் அறிவித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் கட்டடம் கட்ட நினைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி பற்றியும் ஒன்று. அப்பாவை ஒரு தடவை நெஞ்சுவலி என்று ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது கூடவே ஓடினேன். நீளமான வராந்தா, நடுக்கூரையில் பத்தடிக்கு ஒரு சதுர விளக்கு. அப்பா டிரிப்ஸ் ஏறுகிற கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார். விளக்கு ஒவ்வொன்றும் நேராக அவர் முகத்துக்கு மேல் வந்து வந்து போனது. நர்ஸ் கையை இறக்கச் சொன்னார், அவர் இறக்கினார், அடுத்த விளக்கு வந்ததும் மறுபடி தூக்கினார். அதற்கு முன்னால் எத்தனையோ வராந்தாவுக்குப் படம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எல்லாமே நடந்து போகிறவர் கண்ணை வைத்து. படுத்துக்கொண்டு போகிறவருக்குக் கூரைதான் எதிர்ச்சுவர் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது ஆஸ்பத்திரி வேலை வந்தால் கூரை நடுவில் விளக்கு வைப்பதை விட்டுவிடுகிறேன். விளக்கு ஓரத்தில், ஒளி சுவரைக் கழுவுகிற மாதிரி. வராந்தாவுக்கு 100 லக்ஸ் அதிலேயே வந்துவிடும், ராத்திரிக்கு அதையும் குறைக்கலாம்.

ராமேஸ்வரம் மூன்றாம் பிரகாரத்தில் விடிகாலையில் நின்றவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். 1212 தூண். ஒரு பக்கம் ஒளி, மறு பக்கம் நிழல் என்று அடுத்தடுத்து விழுவதால்தான் அந்த நீளம் கண்ணுக்குக் கிடைக்கிறது. நிழலைத் துடைத்துவிட்டால் தூண்கள் தட்டையாகிவிடும். ஒரு கட்டடத்துக்கு விளக்குப் போடும்போது எங்கே போடக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்யும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

சரி, இனி உப்பைப் பற்றி. இந்தக் கரையில் விளக்கைத் தின்பது உப்புதான். விளக்கில் ஐபி66 என்று தரக்குறி போட்டிருக்கிறதே என்பார்கள். அந்தச் சோதனை தூசிக்கும் பீய்ச்சி அடிக்கிற தண்ணீருக்கும்தான், உப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ராத்திரி எரிந்து சூடாகிற விளக்கு காலையில் குளிரும்போது மூச்சு இழுக்கிற மாதிரி உப்புக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். போன வாரம் ஒன்றைக் கழற்றினேன், இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஸ்க்ரூ டிரைவர் வைத்ததும் திருகின் தலை மட்டும் கையோடு வந்தது. மூடியைச் சுற்றிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி, பெயின்ட் தோல் தோலாக உரிந்து கிடந்தது. அலுமினியமும் எஃகும் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம் கரையும். விளக்கின் உடலை வார்க்கச் சாதாரணமாகப் பயன்படுத்துகிற ஏடிசி12 அலுமினியக் கலவையில் செம்பு இருக்கும், சீக்கிரம் அரிக்கும். செம்பு மிகக் குறைந்த எல்எம்6 கலவை கேளுங்கள். திருகு, உப்பை நன்றாகத் தாங்குகிற 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். காந்தம் வைத்துப் பார்த்து 316 என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த அளவுக்குத் தாங்காத 304 ரகத்திலும் காந்தம் பொதுவாக ஒட்டாது. சான்றிதழ் கேளுங்கள்.

மறுபடி அந்த ஏலக்கூடம். பொறுப்பில் இருந்தவரிடம் போய்ப் பேசினேன். பன்னிரண்டையும் கழற்ற வேண்டாம், கூடை வைக்கிற வரிசைக்கு மேல் மட்டும் நான்கு விளக்கு, 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90, ஆர்9 50-க்கு மேல், கண்ணில் படாதபடி ஆழமான மூடியோடு. சில கறிக்கடைகளில் செய்வதுபோல் சிவப்பு விளக்குப் போட்டுப் பழசைப் புதுசாகக் காட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம் என்றும் சொன்னேன். "பட்ஜெட்ல இல்லையே தம்பி" என்றார். மாதிரிக்கு இரண்டு நானே கொண்டு வருகிறேன் என்றேன்.

நேற்று விடிகாலை கொண்டுபோய்க் கட்டினேன். பழைய விளக்கு ஒரு வரிசைக்கு, புதுசு ஒரு வரிசைக்கு. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நாலரை மணி வாக்கில் ஏலம் சூடு பிடித்தபோது பெண்கள் எல்லோரும் புது விளக்கு வரிசைக்கு நகர்ந்திருந்தார்கள், பழைய விளக்கு வரிசைக் கூடைகளையும் தரையில் இழுத்து இங்கே கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அக்காவும் இருந்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தார், இரண்டு கூடையைத் தள்ளினார், மூன்றாவதை எடுத்துக்கொண்டார். டீக்கடைப் பக்கம் போகவில்லை.

அந்த இரண்டு விளக்கையும் கழற்றாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மீதி இரண்டுக்கு யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.