வன்னியில் வாணத் தொழில் நின்ற கதை வேறு
பிள்ளைகள் கற்க விரும்பாததால்தான் பரம்பரை வாணக்காரர் அருகிப்போயினர் என்கிறது வாணத் தொழில் பற்றிய இந்தக் கட்டுரை. இலங்கையின் வடக்கிலுள்ள எங்கள் வன்னிக்கு அது பொருந்தவே பொருந்தாது. முல்லைத்தீவுப் பக்கம் கோயில் திருவிழாக்களுக்கு வாணம் கட்டியவர் என் அம்மப்பா. வெடியுப்பு, கந்தகம், எருக்கங்கரி மூன்றையும் தனித்தனியே அரைத்துக் கலந்து, மூங்கில் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக இட்டு இறுக்குவார். இறுக்கிய மருந்துக்குள் சின்ன விரிசல் விழுந்திருந்தாலும் போதும், வாணம் எழும்பாமல் நின்ற இடத்திலேயே வெடித்துவிடும். மாமா ஆசையாகத்தான் அந்தக் கைப்பக்குவத்தைப் பழகினார். ஆனால் 1990களில், போர்க்காலத்தில் அரசு விதித்த பொருளாதாரத் தடையில் யூரியாவும் பற்றரியுமே வவுனியா தாண்டி வராதபோது, வெடியுப்புக்கு எங்கே போவது? சிவகாசியில் தொழில் தழைத்ததே என்று மேலே ஒப்பிட்டு எழுதிய நண்பருக்கு: 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாருக்கும் சண்முக நாடாருக்கும் ஊருக்குச் சரக்கு வர வழி இருந்தது. எங்களுக்கு, வவுனியாவிலிருந்து வன்னிக்குள் வரும் பிரதான பாதையான ஏ9 வீதியே 2002 வரை பூட்டிக் கிடந்தது.