பழைய தார்க்கலவையைத் திரும்பப் போடுவது மோசடியா?

“பழைய ரோட்டைச் சுரண்டி அதே கலவையைத் திரும்பப் போடுகிறார்கள், முதல் மழைக்கே பெயர்ந்துவிடும், சுத்த மோசடி” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. சாலைப் பணிகளுக்குத் தரவிதிகள் வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐஆர்சி) 2015-லேயே ஐஆர்சி 120 என்று இதற்குத் தனி வழிமுறை வெளியிட்டிருக்கிறது.

பெரும்பாலும் ஜல்லி அப்படியே நன்றாகத்தான் இருக்கும்; வெயிலும் காற்றும் பட்டு இறுகிப்போவது அதைப் பிடித்திருக்கும் தார். அதனால் சுரண்டிய கலவையில் கொஞ்சம் எடுத்து, தாரைக் கரைத்துப் பிரித்து, அது எவ்வளவு இருக்கிறது, எந்த அளவு இறுகியிருக்கிறது என்று சோதித்து, மிஞ்சிய ஜல்லியைச் சல்லடைகளில் சலித்துப் பார்த்து, அப்புறம்தான் புது ஜல்லி எவ்வளவு, புதுத் தார் எவ்வளவு என்று முடிவு செய்வார்கள். பழையது கூடக் கூட, சேர்க்கிற தார் இன்னும் இளகிய ரகமாக இருக்க வேண்டும்.

சரி, இந்தச் சோதனை எதுவுமில்லாமல் குவியலை அப்படியே சூடாக்கிக் கொட்டினால்? சீக்கிரமே வெடிப்பு விடும். அங்கே கலவை வடிவமைப்பு அறிக்கையை, அதாவது சோதித்துப் பார்த்து எது எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்த கணக்கை, கேளுங்கள்.