முடங்கிக் கிடக்கும் குளத்துக் காசு

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வார, ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் ஒரு நிறுவனம் வழியாக நன்கொடை திரட்டினோம். திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் நூறு, இருநூறு என்று அனுப்பினார்கள். வழக்கமாக இரண்டு மூன்று வேலை நாளில் பேங்குக்கு வந்துவிடும் பணம் இந்த முறை வரவில்லை. அந்த நிறுவனத்தின் தளத்துக்குள் போய்ப் பார்த்தால் எங்கள் கணக்கையே முடக்கி வைத்திருக்கிறார்கள். காரணம்? 'பரிசீலனையில் உள்ளது.' அவ்வளவுதான்.

திடீரென்று நிறையப் பேர் சின்னச் சின்னத் தொகையாகப் போட்டதால் சந்தேகமாம். ஊர்ப் பணம் அப்படித்தானே வரும்! டிரஸ்ட் பத்திரம் கேட்டார்கள், கொடுத்தோம். பான் கார்டு, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி சான்றுகள் எல்லாம் கொடுத்தோம். நாலு நாள் கழித்து அதே பத்திரத்தை மறுபடி கேட்கிறார்கள். போன் போட்டால் மனுஷக் குரலே கிடையாது. மோசடியைத் தடுக்கச் சோதிக்கட்டும், சரி. எத்தனை நாள் ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், கல்லணை தாண்டி வெண்ணாறு வழியாகத் தண்ணீர் வந்துவிடும். குளத்தில் தண்ணீர் ஏறிய பிறகு பொக்லைனை எங்கே இறக்குவது? வெங்காயத்தாமரையை மட்டும் நாங்களே இறங்கி அள்ளிவிட்டோம். வண்டல் அப்படியே கிடக்கிறது.

பக்கத்துத் தெருப் பெரியம்மா தினமும் "வேலை ஆரம்பிச்சாச்சா தம்பி?" என்று கேட்கிறார். நடவுக் கூலியில் எடுத்து, பேத்தி போன் வழியாக அவர் போட்ட இருநூறு ரூபாயும் அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.